அப்பாவின் வாயிலிருந்து எடுத்த மொழி

நான் மொழி உண்டாக்குகிறவள். பிழைப்புக்காக அல்ல. பிழைப்புக்குப் பதுளை டவுனில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின், மற்றப் பெண்கள் டிவியில் நாடகம் பார்க்கிற நேரத்தில், நான் இல்லாத சனங்களுக்கு இல்லாத மொழிகளைச் செய்துகொண்டிருந்தேன். கேட்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். அதனால் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவுக்கு மட்டும், "இந்தப் புள்ள போன்ல என்னமோ பாஷ எழுதுது" என்ற அளவில் தெரியும்.

இந்தப் பழக்கம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஆரம்பித்தது. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். பக்கத்துக் காம்பராவில் இருந்த குடும்பம் வீட்டுக்குள் தெலுங்கு பேசும். வாசலுக்கு வந்தால் எங்களைப் போலவே தமிழ். லயத்துச் சுவர் கூரைவரை எழும்பாது என்பதால் அவர்கள் சாப்பிடும்போது பேசுவது எங்கள் பக்கம் நன்றாகக் கேட்கும். நாங்கள் பால் என்பதை அவர்கள் பாலு என்றார்கள். வீட்டை இல்லு என்றார்கள். எங்கள் தமிழ்ப் புத்தகத்தில் இல்லம் என்று இருந்தது. இதை வகுப்பில் டீச்சரிடம் கேட்டேன். "ரெண்டும் ஒரு தாய் வயித்துப் புள்ளைங்க. தூரதூரமாப் போயி மொகம் மறந்துருச்சு" என்று சொல்லிவிட்டு அவர் பாடத்தைத் தொடர்ந்தார். அன்றைக்கு எனக்குள் விழுந்த ஆச்சரியம் இன்னும் போகவில்லை. ஒரு சொல் மலையில் ஒரு மாதிரியும் சமவெளியில் வேறு மாதிரியும் தேயும், ஆனால் தேய்கிறதிலும் ஓர் ஒழுங்கு இருக்கும் என்பது எனக்கு எந்தக் கதையைவிடவும் பெரிய கதையாகத் தெரிந்தது.

நான் செய்த மொழிகளுக்கு ஒரு தாய் இருந்தாள். அவள் பெயர் நெவா. அதைப் பேசிய சனங்கள் ஒரு மலையுச்சி ஏரியைச் சுற்றி வாழ்ந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் ஏரிக்கரை உடைந்தது. சிலர் இன்னும் மேலே ஏறித் தேன் எடுத்துப் பிழைத்தார்கள். சிலர் வெள்ளத்தோடு இறங்கிக் கடலோரம் உப்பு விற்றார்கள். மேலே போனவர்கள் சொற்களின் கடைசியைக் கடித்து விழுங்கிவிடுவார்கள். குளிரில் வாயைத் திறந்துவைக்க முடியாதல்லவா. கீழே போனவர்கள் எல்லாவற்றையும் இழுத்து நீட்டுவார்கள். நெவாவில் நீருக்கு நொம்மு. மேலே அது நொம் ஆனது. கீழே நோமுவா ஆனது. இப்படி ஆயிரக்கணக்கான சொற்கள். அவர்களுடைய சண்டைகள், திருமணங்கள், வழக்குகள், ஒருவரையொருவர் கிண்டல் செய்த பாட்டுகள் எல்லாம் என்னிடம் இருந்தன.

மூன்றாவது ஒரு கூட்டம் உண்டு. கரை உடைந்தபின்பும் எங்கேயும் போகாமல், வற்றிப்போன ஏரியின் ஓரத்திலேயே தங்கிவிட்டவர்கள். அவர்களுக்கு மட்டும் எவ்வளவோ காலம் என்னால் ஒரு மொழி செய்ய முடியவில்லை. எதைச் செய்தாலும் மேலோர் பேச்சு மாதிரியோ கீழோர் பேச்சு மாதிரியோ வந்தது. செய்வதும் அழிப்பதுமாக விட்டுவிட்டேன்.

அப்பா பதுளையிலிருந்து மடுல்சீமைக்கு ஓடும் ஒரு பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். தோட்டத்து ஆட்களில் பாதிப் பேருக்கு அவர் முகத்தைவிடக் குரல்தான் பழக்கம். பஸ் கண்ணில் படுவதற்கு முன்பே அவர் குரல் வளைவுக்கு இந்தப் பக்கம் வந்துவிடும். வீட்டிலும் அப்படித்தான். சோறு போடச் சொல்வதைக்கூட நாலு லயத்துக்குக் கேட்கிற மாதிரிச் சொல்வார். நாங்கள் லயத்தைவிட்டுப் பதுளைக்கு, பசறை ரோட்டில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு அம்மா முதல் வாரமே வந்து, "ஐயாவுக்குக் காது கேக்காதா?" என்று விசாரித்தார்.

அந்தக் குரல் பதுளை பஸ் ஸ்டாண்டில் ஒரு காலையில் உடைந்தது. வழக்கம்போல ஃபுட்போர்டில் நின்று ஊர்ப்பேர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். மடுல்சீமை என்று வரவேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்தது. ஏறிக்கொண்டிருந்தவர்கள் பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தார்கள். மறுபடியும் அதேபோல வந்தது. சீட்டில் இருந்த டைவர் மாமா கண்ணாடியில் அப்பாவின் வாய் ஒரு பக்கம் கோணியிருப்பதைக் கண்டார். என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி, அப்பாவைத் தூக்கி ஒரு த்ரீவீலரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டைவர் மாமா என்று நாங்கள் கூப்பிடுவது அப்பாவோடு அந்த பஸ்ஸைப் பல வருஷம் ஓட்டியவரை. அப்பா எவ்வளவு பேசுவாரோ அவர் அவ்வளவு பேசாதவர்.

மூளையில் இரத்தம் அடைத்ததால் வந்தது என்று டாக்டர்கள் சொன்னார்கள். வலது கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. நடை வந்தது. பேச்சு வரவில்லை. சில வாரங்களுக்கு வெறும் சத்தம்தான். அந்த நாட்களில் டைவர் மாமா இரண்டு தடவை வந்து, கதிரையில் அப்பாவுக்குப் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார். பிறகு அவருக்கு சீனி வருத்தத்தில் காலில் புண் வந்து, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். மடுல்சீமையில் மகள் வீட்டில் படுக்கையில் இருந்தார்.

"இத ஒங்கப்பாகிட்ட சொல்லாத. அவருக்கு ஏலாது" என்று அம்மா சொன்னாள். நான் சொல்லவில்லை.

அதன்பிறகுதான் சொற்கள் வந்தன. முதலாவது கொப்பிலி. அம்மா தேத்தண்ணியை நீட்டியபோது அப்பா தெளிவாக, அழுத்தமாக, "கொப்பிலி" என்றார். சொல்லிவிட்டு, தான் சொன்னது சரியா என்று எங்கள் முகங்களைப் பார்த்தார். அம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். நான் போகவில்லை. அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போனது. உண்மையைச் சொன்னால், என் அப்பா உடைந்துபோய் என் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்குள் முதலில் வந்தது துக்கம் அல்ல. இது எவ்வளவு நல்ல சொல் என்றுதான் வந்தது.

அடுத்தடுத்த நாட்களில் இன்னும் வந்தன. செருப்புக்குத் தவுரு. அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்துச் சிமியா. அவை வெறும் உளறல் அல்ல. இன்று தவுரு என்றால் நாளைக்கும் தவுருதான். சில சொற்களில் ஓர் ஒழுங்கும் இருந்தது. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் அவர் நாக்கு ஒரு லகரத்தை ஒட்டிவிடும். உப்பு லுப்பாகும். எண்ணெய் லெண்ணெயாகும். அப்பம் லப்பமாகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைக் கண்டுபிடித்தேன். ஏரிக்கரையில் தங்கிவிட்ட சனங்கள் இப்படித்தான் பேசியிருப்பார்கள் என்று தோன்றிவிட்டது. எல்லோரும் போனபின் ஆளில்லாத இடத்தில் தனியே பேசிப் பேசி நாக்கு ஒரு பக்கம் சாய்ந்தவர்கள்.

நான் அப்பாவுக்கு அவருடைய சொற்களிலேயே பதில் சொல்ல ஆரம்பித்தேன். "கொப்பிலி வேணுமாப்பா?" என்பேன். அவர் முகம் மலர்ந்துவிடும். அந்த வீட்டில் அவரோடு பேசத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான் என்பதுபோல என் கையைப் பிடித்துக்கொள்வார். அம்மா எதையாவது எடுத்துக் காட்டி, "இது செருப்பு. சொல்லுங்க, செருப்பு" என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். என்னிடம்தான் வருவார். எனக்கு அது பெருமையாக இருந்தது. அன்பினால் செய்கிறேன் என்றே நினைத்தேன். அன்பும் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் சொல்லை வாங்கிக்கொண்டு நான் போய் உட்கார்ந்த இடம் போன்தான்.

போனில் எனக்கு ஒரு கூட்டம் உண்டு. உலகத்தின் பல பக்கங்களிலிருந்து என்னைப்போல மொழி செய்கிறவர்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அவர்களுக்கு என் மேலோரையும் கீழோரையும் முன்பே தெரியும். மூன்றாம் கிளையைப் போட்டதும் எல்லோரும் கூடிவிட்டார்கள். இதில் உயிர் இருக்கிறது, இதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார்கள். கேட்டது, கேட்டுக்கொண்டிருந்தது, தானாக வந்தது என்று ஏதோ எழுதினேன். அப்பாவைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

மாதத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி. பயிற்சி கொடுக்கிற மிஸ் சிங்களவர். பொறுமையானவர். தமிழ் கொஞ்சம்தான் தெரியும் என்பதை முதல் நாளே வெட்கத்தோடு சொல்லிவிட்டார். அதனால் அவருக்கும் அப்பாவுக்கும் நடுவில் நான் உட்காருவேன். மிஸ் சிங்களத்தில் சொல்வார், நான் தமிழில் சொல்வேன். அப்பா எதையாவது சொல்வார், அதை நான் சிங்களத்தில் சொல்வேன். அப்பா சொன்னது சரியா பிழையா என்று தெரிந்துகொள்ள அந்த அறையில் மிஸ்ஸுக்கு என்னைவிட்டால் வேறு வழியில்லை.

ஒரு தடவை மிஸ் ஒரு படத்தைக் காட்டினார். ஆவி பறக்கிற கோப்பை. அப்பா உடனே, "கொப்பிலி" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சரியா?" என்று மிஸ் கேட்டார்.

"எங்கள் வீட்டில் அப்படிச் சொல்வதுதான், மிஸ்" என்றேன்.

மிஸ் சரி என்று குறித்துக்கொண்டார். இன்னும் சில படங்களுக்கும் அப்படியே நடந்தது. அப்பாவை அவமானப்படுத்தக் கூடாது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுந்து வரும்போது மிஸ் ஒன்று சொன்னார். "அப்பா பஸ்ஸில் வேலை செய்தவர்தானே? தினமும் வரிசையாகச் சொன்ன பேச்சு சில பேருக்கு அழியாமல் இருக்கும். ஊர்ப்பேர்களைச் சொல்லிப் பழக்குங்கள். முடிந்தால் அதே பஸ்ஸில் ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள்."

நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "மிஸ் என்னா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"நல்லா வருதாம். ரொம்பப் போட்டு அலட்ட வேணாமாம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவது பெரிய வேலையில்லை. மருந்துக்கடை முதலாளி, ஒரு முஸ்லிம், நல்ல மனிதர், லீவு கேட்டால் கொடுப்பார். "வாப்பாக்கு எப்பிடி இருக்கு மகள்?" என்று தினமும் கேட்கிறவர். லீவு ஒரு காரணம் இல்லை. அப்பாவுக்குப் பழைய சொற்கள் திரும்பி வந்துவிட்டால் புதிய சொற்கள் நின்றுவிடும். மூன்றாம் கிளை பாதியில் நின்றுவிடும். இதை நான் மனதுக்குள்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அதுதான்.

லோட்டி என்ற சொல் அந்த மாதத்தில்தான் வந்தது. அப்பா ஜன்னலருகே உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "லோட்டி" என்றார். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கி வட்டமாகத் திருப்பினார். நான் ஜன்னலைத் திறந்தேன். இல்லை என்று தலையாட்டினார். ரேடியோவைக் கொண்டுவந்து வைத்தேன். அதை விலக்கினார். அம்மா ஃபேனைப் போட்டுப் பார்த்தாள். அதுவும் இல்லை. மறுநாளும் லோட்டி. அதற்கு அடுத்த நாளும். கேட்டுக் கேட்டுச் சலித்து, கடைசியில் கைகளை மடியில் போட்டுக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கோ அது ஒரு புதையல். என் விதிப்படி முன்னால் ஒட்டிய லகரத்தை எடுத்துவிட்டால் நெவாவில் அது ஓட்டி. கையை வட்டமாகச் சுற்றுகிறார். ஆகவே சுற்றுதல், திரும்புதல், போய் மீண்டும் அதே இடத்துக்கு வருதல். ஏரியோரத்தில் தங்கியவர்கள் போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று காத்திருப்பவர்கள். அந்தக் காத்திருப்புக்கு அவர்களிடம் இருந்த சொல் லோட்டி. அதை வைத்து அவர்களுடைய காலக்கணக்கு, விழா, சாபம், தாலாட்டு எல்லாவற்றையும் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதியவற்றில் அதுதான் நன்றாக வந்தது. கூட்டத்தில் ஒருவர் அதை வாசித்துவிட்டு அழுததாக எழுதியிருந்தார். அப்பா பக்கத்து அறையில் லோட்டி, லோட்டி என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க, நான் அதற்கு வேற்றுமை உருபுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் டைவர் மாமாவின் மகள் போன் பண்ணினாள். முந்தின நாள் மாமா இறந்துவிட்டார். புண் மேலே ஏறி, இரத்தத்தில் விஷமாகிவிட்டது. அடக்கம் அன்றைக்குப் பின்னேரம்.

அம்மாவும் நானும் குசினியில் நின்று அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று பேசினோம். சொல்லாமல் இருக்க முடியாது என்று அம்மாவே முடிவெடுத்தாள். அப்பாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் கையை வைத்து, "மடுல்சீமையில டைவர் அண்ணே தவறிட்டாரு. கேக்குதா? ஒங்க டைவர்" என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கி, மெதுவாக, ஒரு பெரிய ஸ்டியரிங்கைப் பிடித்து மலை வளைவில் திருப்புவதுபோலத் திருப்பினார்.

"லோட்டி" என்றார். "லோட்டி?"

"ஆமாங்க" என்றாள் அம்மா. லோட்டி யார் என்று அவளுக்கும் அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மடுல்சீமைக்கு பஸ்ஸிலேயே போனோம். அப்பா வேலை செய்த பழைய பஸ்தான் வந்தது. டைவரும் கண்டக்டரும் புது ஆட்கள். அப்பா ஏறியதும் முன் சீட்டுக்குப் போகாமல் வாசலுக்கு அடுத்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. பஸ் டவுனைவிட்டு வெளியே வந்து ஏறத் தொடங்கியது. முதல் தரிப்பு நெருங்கியபோது, புதுக் கண்டக்டர் வாயைத் திறப்பதற்கு முன்னால், "பாலத்தடி" என்றார் அப்பா.

குரல் சின்னதாக இருந்தது. ஆனால் சொல் முழுசாக இருந்தது. லகரமும் இல்லை, கோணலும் இல்லை. அடுத்து, "கோயிலடி." அதற்கு அடுத்து, "மில்லடி, மில்லடி எறங்குறவங்க முன்னுக்கு வாங்க." பின் சீட்டில் இருந்த ஒரு தோட்டத்து அம்மா, "அட, நம்ம பழைய கண்டக்டரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பசறை வந்தபோது அப்பா பசறை என்றார். அங்கிருந்து மடுல்சீமை ரோட்டில் திரும்பிய பிறகு ஒவ்வொரு தோட்டத்தின் பெயரையும், மேல் பிரிவு, கீழ்ப் பிரிவு என்று எதுவும் விடாமல் சொன்னார். அம்மா என்மேல் சாய்ந்து அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். மிஸ் இதை எனக்குச் சொல்லியிருந்தார் என்பது அவளுக்குத் தெரியாது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கொழுந்து எடுக்கிற பெண்கள் மழைக்குத் தலையில் போட்டிருந்த சாக்கு மட்டும்தான் தெரிந்தது. மற்றதெல்லாம் பனி.

மாமாவின் மகள் வீடும் ஒரு லயம்தான். முன்னால் தகரக் கொட்டகை போட்டு, பெட்டியை நடுவில் வைத்திருந்தார்கள். அப்பா பெட்டியருகே போய் நின்று மாமாவின் முகத்தைப் பார்த்தார். பெட்டியின் ஓரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். ஆட்கள் ஏறியாயிற்று, எடுக்கலாம் என்று பஸ்ஸின் தகரத்தில் அவர் தட்டுகிற தட்டு அது. அங்கே நின்ற ஆம்பிளைகள் சிலர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

மகள் எங்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தபோது என்னிடம் சொன்னாள். "அப்பா கடைசி வரைக்கும் ஒங்க அப்பாவத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாரு அக்கா. கால் போனதுக்கப்புறம் போக ஏலாதுன்னு அவருக்கு ஒரே கவல. 'என்னய ஓட்டின்னு கூப்பிட ஒரு ஆளுதான், அவனுக்கும் வாய் போயிருச்சே'ன்னு சொல்லுவாரு."

"ஓட்டியா?" என்றேன்.

"ஆமா அக்கா. பஸ்ஸுக்குள்ள ஒங்க அப்பா அவர அப்பிடித்தான் கூப்பிடுவாராம். வீட்ல நாங்க யாரும் கேட்டதில்ல."

லகரத்தை எடுத்துவிட்டால் ஓட்டி. நானே கண்டுபிடித்த விதி. விதி சரி. தாய்ச்சொல்லும் சரி. தமிழில் ஓட்டி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நான் தமிழில் தேடவே இல்லை. என் அப்பா தமிழ் பேச முயல்கிற ஒரு மனிதர் என்பதையே மறந்து, நான் அவரை என் ஏரிக்கரையில் கொண்டுபோய் உட்காரவைத்திருந்தேன். அந்த மாதம் முழுவதும் மாமா உயிரோடு இருந்தார். காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்கு முன் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தூரத்தில் இருந்தார்.

திரும்பி வந்த மறுநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மிஸ் சொன்னதை மறைத்தது, பிழையைச் சரி என்று சொன்னது, போனில் எழுதியது எல்லாம். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். "அவரு சொல்றது ஒனக்குப் புரியுதுன்னு நெனச்சுதான் நான் பேசாம இருந்தேன் புள்ள" என்றாள். அவ்வளவுதான். அதன்பிறகு இன்றுவரை அவள் அதை எடுத்ததில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த பயிற்சியில் மிஸ்ஸிடமும் சொன்னேன். அப்பாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, உள்ளே நின்றபடியே சொன்னேன். மிஸ் நான் சரி என்று சொன்ன படங்களை ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லி, தனியே எடுத்துவைத்தார்.

"நான் செய்ததால் அவருடைய பேச்சு பின்தங்கிவிட்டதா, மிஸ்?" என்று கேட்டேன்.

"தெரியாது. சிலருக்கு என்ன செய்தாலும் நேரம் எடுக்கும். அதை யாராலும் சொல்ல முடியாது" என்றார். என்னைச் சமாதானப்படுத்துவதற்காக அவர் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. இல்லை என்றோ ஆமாம் என்றோ சொல்லியிருந்தால் அதை வைத்துக்கொண்டு வாழ்ந்திருப்பேன். இப்போது இரண்டையும் வைத்துக்கொண்டு வாழ்கிறேன். அடுத்த பயிற்சியிலிருந்து தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் எங்களோடு உட்கார்ந்தார். மிஸ் அதை மரியாதையாகத்தான் ஏற்பாடு செய்தார். ஆனால் ஏன் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

போனில் இருந்த கூட்டத்துக்கும் எழுதினேன். மூன்றாம் கிளை என்னுடையது அல்ல, அது நோயில் பேச்சிழந்த என் அப்பாவுடையது, லோட்டி என்பது திரும்புதல் அல்ல, ஒரு மனிதரின் பெயர் என்று எழுதினேன். சிலர் வருத்தம் தெரிவித்தார்கள். ஒருவர், பிரமாதமான முடிவு, அந்தச் சனங்களின் வரலாற்றுக்கு இதைவிடப் பொருத்தமான ஒரு திருப்பம் இருக்க முடியாது என்று பாராட்டினார். அவர் அதையும் கற்பனை என்றே எடுத்துக்கொண்டார். நான் மறுத்து எழுதவில்லை. எத்தனையோ வருஷம் பொய்யான சனங்களைப் பற்றி உண்மைபோல எழுதியவள், ஒரு தடவை உண்மையை எழுதினால் எப்படி நம்புவார்கள்? அந்தக் கிளையை அழித்துவிட்டேன். பலர் முன்பே தங்கள் இடங்களில் எடுத்துவைத்துக்கொண்டார்கள் என்று தெரியும். எங்கேயோ முன்பின் தெரியாத யாரோ என் அப்பாவின் சொற்களுக்கு இலக்கணம் படித்துக்கொண்டிருக்கலாம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் முடிந்ததும் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பசறைவரை பஸ்ஸில் போய் வருகிறோம். அப்பாவின் பேச்சு மெதுவாகத் திரும்புகிறது. ஊர்ப்பேர்களில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக மற்றச் சொற்களுக்கும் வருகிறார். போன வாரம் பஸ்ஸில் ஒரு கர்ப்பிணிப் பெண் நின்றுகொண்டு வந்தாள். அப்பா இளம்பையன் ஒருவனின் தோளைத் தட்டி, "தம்பி, எழும்பு. தங்கச்சி இருக்கட்டும்" என்றார். இவ்வளவு நீளமாக அவர் பேசியதைக் கேட்டு அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து மழை பிடித்தது. அப்பா ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடிவிட்டு, வெளியே கைகாட்டி, "துமிலா" என்றார். தூறலைச் சொல்ல வந்திருப்பார். நான் இதுவரை கேட்காத சொல். மலையோர மழைக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. என் கை என்னைக் கேட்காமலே கைப்பைக்குள், போனை நோக்கிப் போனது. அம்மா அந்தக் கையைப் பார்த்தாள்.

நான் கையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"தூறல், அப்பா" என்றேன். "வெளிய தூறுது."

அப்பா என் வாயையே கவனித்துப் பார்த்தார். பிறகு சொன்னார். மூன்றாவது தடவையில் ஓரளவு சரியாக வந்தது.